சாலை வாகன நிலைத்தன்மைக்கான முன்கணிப்புக் கட்டுப்பாடு: தோற்றமும் வளர்ச்சியும்

முன்கணிப்புக் கட்டுப்பாடு என்பது, ஓர் இயந்திரம் அடுத்து வரும் சிறிது நேரத்தில் எவ்வாறு இயங்கும் என்பதைக் கணித மாதிரியின் துணையால் முன்கூட்டியே கணக்கிட்டு, அதற்கேற்ப இந்தக் கணத்தில் செய்ய வேண்டியதை முடிவு செய்யும் முறையாகும். 1970களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் நிலைபெற்ற இம்முறை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்தே ஓடும் காரைச் சறுக்காமல் காக்கும் ஆய்வுகளில் வேரூன்றியது. ஆலையில் ஒரு கணக்கைப் போட்டு முடிக்க நிமிடக் கணக்கில் நேரம் இருந்தது. காரில் நொடியின் சிறு பகுதியே கிடைத்தது. அந்த இடைவெளி எவ்வாறு கடக்கப்பட்டது, கடந்த பின்னும் எந்தச் சிக்கல் எஞ்சி நிற்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

டயரின் பிடிப்பும் வண்டியின் நிலைத்தன்மையும்

ஒரு கார் சாலையைத் தொடுவது நான்கு டயர்களின் அடிப்பகுதியில் மட்டுமே. ஒவ்வொரு டயரும் சாலையில் பதியும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். வேகம் கூட்டுவதற்கும், பிரேக் பிடிப்பதற்கும், வளைவில் திரும்புவதற்கும் தேவையான விசை முழுவதும் இந்தச் சிறு பரப்பின் வழியாகவே கிடைக்கிறது. அந்த விசைக்கு ஒரு மேல்வரம்பு உண்டு. டயரின் மீது அழுத்தும் எடையை உராய்வுக் குணகத்தால் பெருக்கினால் அந்த வரம்பு தோராயமாகக் கிடைக்கும்.

ஓர் எளிய கணக்கு இதை விளக்கும். 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு சமதள வளைவை எடுத்துக்கொள்வோம். உலர்ந்த சாலையில் உராய்வுக் குணகம் 0.8 எனக் கொண்டால், அந்த வளைவில் செல்லக்கூடிய உச்ச வேகம் 0.8, 9.8, 50 ஆகிய மூன்றின் பெருக்கற்பலனுக்கு வர்க்கமூலம் கண்டால் கிடைக்கும். அது நொடிக்கு 19.8 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 71 கிலோமீட்டர். அதே வளைவில் பனி இறுகிக் கிடந்து, குணகம் 0.2 ஆகக் குறைந்தால், உச்ச வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். ஓட்டுநர் கண்ணுக்கு வளைவு மாறவில்லை, ஸ்டீயரிங்கும் மாறவில்லை. மாறியது சாலையின் பிடிப்பு ஒன்றுதான்.

இந்தப் பிடிப்பைத் திருப்பத்துக்கும் பிரேக்குக்கும் பங்கிட்டே பயன்படுத்த முடியும். வளைவில் இருக்கும்போது பிரேக்கை அழுத்தி மிதித்தால், திரும்புவதற்குக் கிடைக்கும் பங்கு குறைகிறது. முன் டயர்கள் முதலில் பிடிப்பை இழந்தால், ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகவே போக முற்படும். இது குறைத்திருப்பம் எனப்படும். பின் டயர்கள் முதலில் பிடிப்பை இழந்தால், வண்டியின் பின்புறம் வெளியே வீசப்பட்டு, வண்டி தன்னைத் தானே சுற்றிக்கொள்ளத் தொடங்கும். இது மிகைத்திருப்பம் எனப்படும். இவ்விரண்டும் நேராமல் ஓட்டுநர் எண்ணிய பாதையில் வண்டி செல்வதையே நிலைத்தன்மை என்ற சொல் குறிக்கிறது.

வண்டியின் இயக்கத்தைச் சமன்பாடாக்கியவர்கள்

எதிர்காலத்தைக் கணிக்க வேண்டுமானால் முதலில் ஒரு மாதிரி வேண்டும். 1940-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ரீக்கெர்ட், ஷுங்க் ஆகிய இருவரும் ரப்பர் டயர் பூட்டிய வண்டியின் இயக்கத்தை விளக்கும் எளிய மாதிரி ஒன்றை வெளியிட்டனர். முன் சக்கரங்கள் இரண்டையும் ஒரே சக்கரமாகவும், பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரே சக்கரமாகவும் அவர்கள் எண்ணிக்கொண்டனர். இதனால் கார் ஒரு மிதிவண்டி போல ஆகிவிடுகிறது. ஆகவே இது மிதிவண்டி மாதிரி என்றே இன்றும் அழைக்கப்படுகிறது. வண்டி பக்கவாட்டில் நகரும் வேகம், மேலிருந்து பார்த்தால் வண்டி சுழலும் வேகம் ஆகிய இரண்டு அளவுகளே இம்மாதிரிக்குப் போதும். 1956-இல் அமெரிக்காவின் கார்னெல் வானூர்தி ஆய்வகத்தில் லியோனார்டு சீகல், வானூர்தி இயக்கவியலில் வளர்ந்திருந்த முறைகளைக் காருக்குப் பொருத்தி, கணக்கையும் ஓட்டச் சோதனையையும் ஒப்பிட்டுக் காட்டினார்.

வண்டியின் மாதிரியைவிட டயரின் மாதிரியே கடினமானது. டயர் நோக்கும் திசைக்கும் அது உண்மையில் நகரும் திசைக்கும் இடையில் சிறு கோணம் ஒன்று உண்டாகிறது. அதைச் சறுக்குக் கோணம் என்பர். கோணம் சிறிதாக இருக்கும்வரை, அது கூடும் அளவுக்குப் பக்கவிசையும் நேர்விகிதத்தில் கூடும். சில பாகைகளைத் தாண்டியதும் விசை கூடுவது மட்டுப்பட்டு, உச்சத்தைத் தொட்டு, பின்னர் சரியவும் தொடங்கும். இந்த வளைகோட்டை ஒரே வாய்பாட்டில் அடக்கும் முறையை நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பசெய்க்காவும் உடன் பணியாற்றியோரும் 1987-இல் வெளியிட்டனர். டயரின் உள் அமைப்பிலிருந்து வருவிக்கப்படாமல், சோதனை அளவீடுகளோடு வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்தியதால், அது மாய வாய்பாடு என்று பெயர் பெற்றது.

நேர்விகிதப் பகுதியில் வண்டி ஓட்டுநருக்குப் பழகிய விதத்தில் நடந்துகொள்கிறது. உச்சத்தை நெருங்கும்போது பழக்கம் உதவாது. ஸ்டீயரிங்கை இன்னும் திருப்பினால் வண்டி இன்னும் திரும்பும் என்ற எதிர்பார்ப்பு அங்கே பொய்த்துவிடும். நிலைத்தன்மைக் கருவிகள் அனைத்தும் இந்த இடத்துக்காகவே உருவாக்கப்பட்டவை.

பிரேக்கில் தொடங்கிய பாதுகாப்பு

சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிடிக்கும் அமைப்பு முதலில் வானூர்திகளுக்காக வளர்ந்தது. இங்கிலாந்தின் டன்லப் நிறுவனம் வானூர்திச் சக்கரங்களுக்காக உருவாக்கிய மேக்சரெட் என்னும் இயந்திரவகை அமைப்பு, 1966-இல் ஜென்சன் எஃப்எஃப் என்ற காரில் இடம்பெற்றது. 1971-இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் இம்பீரியல் காரில் மின்னணு அமைப்பு ஒன்றை வழங்கியது. 1978-இல் பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ், மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் வகைக் கார்களில் வந்தது. அதன்பிறகே இத்தொழில்நுட்பம் உலகெங்கும் பரவியது.

ஏபிஎஸ் ஒவ்வொரு சக்கரத்தின் சுழற்சியையும் கவனித்தது. வண்டி முழுவதும் எந்தத் திசையில் போகிறது என்பதை அது அறியாது. அந்தக் குறையை நீக்கியது ஈஎஸ்பி எனப்படும் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு. பாஷ் நிறுவனத்தில் நெதர்லாந்து நாட்டவரான அன்டன் வான் சான்டன் தலைமையிலான குழு உருவாக்கிய இவ்வமைப்பு, 1995-இல் மெர்சிடிஸ் எஸ் வகைக் காரில் அறிமுகமானது. அதே ஆண்டில் ஜப்பானின் டொயோட்டாவும் இதையொத்த அமைப்பைத் தன் காரில் கொண்டுவந்தது. வான் சான்டனுக்கு 2016-இல் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருதின் வாழ்நாள் சாதனைப் பிரிவு வழங்கப்பட்டது.

ஈஎஸ்பியின் வேலை ஓர் ஒப்பீடு ஆகும். ஸ்டீயரிங் கோணத்தையும் வேகத்தையும் கொண்டு, ஓட்டுநர் எந்த அளவு திரும்ப விரும்புகிறார் என்பதை மிதிவண்டி மாதிரி கணக்கிடுகிறது. வண்டி உண்மையில் எந்த அளவு சுழல்கிறது என்பதைச் சுழற்சி உணரி சொல்கிறது. இந்த ஒப்பீடு நொடிக்கு 25 முறை நடக்கிறது. இரண்டுக்கும் இடையே வேறுபாடு எல்லை மீறினால், கருவி தானாகவே ஒரு சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிக்கிறது. பின்புறம் வெளியே வீசப்பட்டால், வளைவின் வெளிப்பக்க முன் சக்கரத்தைப் பிடிக்கிறது. முன்புறம் திரும்ப மறுத்தால், உட்பக்கப் பின் சக்கரத்தைப் பிடிக்கிறது. படகின் ஒரு பக்கத் துடுப்பை மட்டும் நீரில் ஊன்றினால் படகு அந்தப் பக்கம் திரும்புவதைப் போன்றது இது.

விலையுயர்ந்த கார்களோடு நின்றிருக்கக்கூடிய இந்தக் கருவியைச் சிறு கார்களுக்குக் கொண்டுவந்தது ஒரு விபத்துச் சோதனை. 1997 அக்டோபரில் ஸ்வீடனின் தெக்னிக்கென்ஸ் வார்ல்டு என்ற வாகன இதழ், மெர்சிடிஸ் ஏ வகைச் சிறு காரைச் சோதித்தது. சாலையின் குறுக்கே திடீரென வந்த விலங்கிலிருந்து விலகி, மீண்டும் தன் தடத்துக்குத் திரும்புவது போல ஓட்டும் சோதனை அது. ஸ்வீடன் காடுகளில் திரியும் பெரிய கடமான் வகையின் பெயராலேயே அச்சோதனை வழங்கப்படுகிறது. அதில் கார் கவிழ்ந்தது. நிறுவனம் விற்பனையை நிறுத்திவைத்து, தொங்கமைப்பைத் திருத்தி, ஏ வகைக் கார்கள் அனைத்திலும் ஈஎஸ்பியைப் பொருத்தியது.

அடுத்த பத்தாண்டுகளில் சட்டமும் பின்தொடர்ந்தது. அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2007-இல் வெளியிட்ட விதியின்படி, 2012 மாதிரி ஆண்டுமுதல் அங்கே விற்கப்படும் இலகு வாகனங்கள் அனைத்துக்கும் இக்கருவி கட்டாயமாயிற்று. ஒற்றை வாகன விபத்துகள் கார்களில் 34 விழுக்காடும், எஸ்யூவி வகை வண்டிகளில் 59 விழுக்காடும் குறையும் என்றும், ஆண்டுக்கு 5,300 முதல் 9,600 உயிர்கள் வரை காக்கப்படும் என்றும் அந்த நிர்வாகம் அப்போது மதிப்பிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர்முதல் புதிய கார்கள் அனைத்திலும் இது கட்டாயமானது. இந்தியாவில் 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்சிஏபி மதிப்பீட்டுத் திட்டமும் இக்கருவியைக் கணக்கில் கொள்கிறது.

எதிர்வினையின் எல்லை

இத்தனை உயிர்களைக் காத்த கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. ஈஎஸ்பிக்குள் மாதிரி இருக்கிறது. ஆனால் அந்த மாதிரி இந்தக் கணத்தில் வண்டி எப்படிச் சுழல வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறது. அரை நொடி கழித்து டயர்கள் எந்த நிலையில் இருக்கும் என்ற கேள்வியை அது எழுப்புவதில்லை. பிழை முதலில் தோன்ற வேண்டும். பிறகே திருத்தம் வரும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் நொடிக்கு 22 மீட்டர் நகர்கிறது. அரை நொடித் தாமதம் என்பது 11 மீட்டர்.

இரண்டாவது எல்லை, கருவிகளின் எண்ணிக்கை பெருகியதால் வந்தது. 2003-இல் பிஎம்டபிள்யூ தன் 5 வரிசைக் கார்களில், ஓட்டுநர் திருப்பிய கோணத்தோடு தானும் சிறிது கோணத்தைக் கூட்டவோ குறைக்கவோ வல்ல ஸ்டீயரிங்கை வழங்கியது. இப்போது ஒரு சறுக்கலைப் பிரேக்கால் திருத்தலாம், ஸ்டீயரிங்காலும் திருத்தலாம். இரண்டும் தனித்தனி விதிகளின்படி இயங்கினால், ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுத்துவிடக்கூடும். இரண்டுமே பங்கிட்டுக்கொள்வது அதே டயரின் அதே பிடிப்பை அல்லவா? எதை எவ்வளவு பயன்படுத்துவது என்பதை வரம்புகளோடு சேர்த்து ஒரே கணக்காகப் போடும் முறை தேவைப்பட்டது. அந்த முறை வேறொரு துறையில் ஏற்கெனவே இருந்தது.

எண்ணெய் ஆலையில் வளர்ந்த முறை

1970களில் அமெரிக்காவின் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் சார்லஸ் கட்லரும் அவருடன் பணியாற்றிய ராமேக்கரும் இயங்கு அணிக் கட்டுப்பாடு என்ற முறையை உருவாக்கினர். ஏறத்தாழ அதே காலத்தில் பிரான்சில் ஜாக் ரிஷாலேயும் குழுவினரும் இதையொத்த முறையைத் தனியே உருவாக்கி, 1978-இல் ஆட்டோமேட்டிகா ஆய்விதழில் வெளியிட்டனர். 1987-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் கிளார்க் குழுவினர் பொதுமைப்படுத்திய முன்கணிப்புக் கட்டுப்பாட்டை வெளியிட்டு இதைக் கல்வித் துறையில் பரவச் செய்தனர்.

ஆலைக்கு இம்முறை ஏன் தேவைப்பட்டது? சுத்திகரிப்பு உலையின் வெப்பமும் அழுத்தமும் பாதுகாப்பு வரம்பை ஒட்டி இருக்கும்போதுதான் விளைச்சல் மிகுதி. ஆனால் வரம்பைத் தாண்டிவிடக் கூடாது. பழைய கட்டுப்பாட்டு முறைகளுக்கு வரம்பு என்ற கருத்தே தெரியாது. அதைத் தனியே ஒட்டுப்போட வேண்டியிருந்தது. புதிய முறை வரம்புகளைக் கணக்கின் உள்ளேயே எழுதியது. சறுக்கலின் விளிம்பில் இருக்கும் கார் டயரின் நிலையும் இதே போன்றது: உச்சப் பிடிப்பை ஒட்டி நிற்க வேண்டும், அதைத் தாண்டக் கூடாது.

முறையின் படிகள் எளியவை. முதலில், இப்போதைய நிலையை அளந்து அறிய வேண்டும். இரண்டாவதாக, அடுத்த சில படிகளுக்குப் பல வகை நடவடிக்கைகளால் என்னென்ன விளையும் என்பதை மாதிரியால் கணிக்க வேண்டும். மூன்றாவதாக, வரம்புகளை மீறாதவற்றுள் மிகச் சிறந்த நடவடிக்கைத் தொடரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான்காவதாக, அத்தொடரின் முதல் நடவடிக்கையை மட்டும் செய்துவிட்டு, மற்றவற்றைக் கைவிட்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரவில் வண்டி ஓட்டுபவருக்கு முகப்பு விளக்கு எட்டும் தொலைவு மட்டுமே தெரியும். வண்டி முன்னேற முன்னேற அந்த ஒளியும் முன்னே நகர்கிறது. முன்கணிப்புக் கட்டுப்பாட்டின் நகரும் காலவரம்பும் அவ்வாறே நகர்ந்துகொண்டிருக்கிறது.

குறுகிய தொலைவையே பார்த்து எடுக்கும் முடிவுகளை அடுக்கினால், இறுதியில் அமைப்பு நிலைகொள்ளும் என்பதற்கு என்ன உறுதி? இக்கேள்விக்கான விடைகளை டேவிட் மெய்ன், ஜேம்ஸ் ராலிங்ஸ் உள்ளிட்ட நால்வர் 2000-ஆம் ஆண்டில் ஆட்டோமேட்டிகாவில் வெளியிட்ட கட்டுரை தொகுத்து ஒழுங்குபடுத்தியது. காலவரம்பின் இறுதியில் அமைப்பு ஒரு பாதுகாப்பான நிலைக்குள் இருக்க வேண்டும் என்று நிபந்தனை இடுவது அவ்விடைகளின் மையக் கருத்தாகும்.

மனித ஓட்டுநரின் முன்பார்வை

வாகன இயலில் முன்கணிப்பு என்ற எண்ணம் அறவே புதியதன்று. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் மெக்காடம் 1980, 1981 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில், மனித ஓட்டுநரையே முன்கணிக்கும் கட்டுப்பாட்டுக் கருவியாக விளக்கினார். ஓட்டுநர் வண்டியின் மூக்கைப் பார்த்து ஓட்டுவதில்லை. சாலையின் முன்பகுதியைப் பார்க்கிறார், வண்டி எங்கே போய்ச் சேரும் என்று மனத்துள் மதிப்பிடுகிறார், வேறுபாடு குறையும்படி ஸ்டீயரிங்கைத் திருப்புகிறார். வண்டிகளைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதற்கு இந்த ஓட்டுநர் மாதிரி பெரிதும் பயன்பட்டது. எனினும் அது சாதாரண ஓட்டத்துக்கான நேரியல் மாதிரியை அடிப்படையாகக் கொண்டது. டயர் வரம்பைத் தொடும் நெருக்கடி அதன் கணக்குக்கு வெளியே இருந்தது.

இத்துறையின் அடிப்படைகளை மாணவர்களுக்குத் தொகுத்துத் தந்த நூல்களுள் ராஜேஷ் ராஜாமணி எழுதிய வாகன இயக்கவியலும் கட்டுப்பாடும் பற்றிய ஆங்கிலப் பாடநூல் குறிப்பிடத்தக்கது. மின்னசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியரான இவர் சென்னை ஐஐடியில் இளநிலைப் பொறியியல் பட்டம் பெற்றவர்.

கணக்கீட்டு நேரத்தோடு நடந்த போட்டி

காருக்குள் இம்முறையைக் கொண்டுவருவதில் பெருந்தடை கணக்கின் சுமை. டயரின் வளைகோட்டை உள்ளபடியே எடுத்துக்கொண்டால் கணக்கு நேரியலற்றதாகிவிடுகிறது. அதற்கு விடை காண எவ்வளவு நேரம் ஆகும் என்று உறுதி கூறவும் முடியாது. விடை சரியாக இருந்தாலும், தாமதமாக வந்தால் சாலையில் அது பயனற்றது.

இத்தடையைத் தாண்ட மூன்று வழிகள் முயலப்பட்டன. முதல் வழி, ஃபோர்டு நிறுவன ஆய்வாளர்கள் ஜஹான் அஸ்காரி, எரிக் செங், டாவோர் ஹ்ரோவாட் ஆகியோரும் இத்தாலியைச் சேர்ந்த பாவ்லோ ஃபால்கோனே, பிரான்செஸ்கோ பொரெல்லி ஆகியோரும் இணைந்து செய்தது. ஒரு தடத்திலிருந்து பக்கத்துத் தடத்துக்குச் சென்று மீளும் பாதையை, முன் சக்கரங்களைத் திருப்புவதன் மூலம் மட்டுமே கார் தானாகப் பின்பற்ற வேண்டும் என்பது பணி. நேரியலற்ற மாதிரியை முழுதாகக் கணித்தபோது சுமை மிகுதியாக இருந்தது. ஆகவே ஒவ்வொரு படியிலும் வண்டி அப்போது இருக்கும் நிலையைச் சுற்றி மாதிரியை நேர்கோடாக்கி, எளிய கணக்காக மாற்றினர். வளைந்த கோட்டின் ஒரு சிறு துண்டு நேர்கோடு போலத் தோன்றும் என்ற பள்ளிக்கூட உண்மைதான் இங்கே பயன்பட்டது. 2007-இல் வெளியான அவர்கள் கட்டுரையின்படி, பனிச்சாலையில் நொடிக்கு 21 மீட்டர் வேகம்வரை, அதாவது மணிக்கு ஏறத்தாழ 75 கிலோமீட்டர்வரை, சோதனைகள் நடத்தப்பட்டன.

இரண்டாவது வழி, கணக்கை முன்கூட்டியே போட்டு வைப்பது. 2002-இல் ஆல்பர்ட்டோ பெம்போராட், மன்ஃப்ரெட் மொராரி உள்ளிட்டோர், வரம்புகள் உள்ள நேரியல் கணக்குக்கான விடைகளை எல்லா நிலைகளுக்கும் முன்னதாகவே கண்டு அட்டவணையாக வைக்க முடியும் என்று நிறுவினர். வண்டியில் உள்ள கருவி கணக்குப் போட வேண்டியதில்லை. வாய்பாட்டைப் பார்த்துப் பெருக்குவது போல உரிய விடையை எடுத்தால் போதும். நிலைகளின் எண்ணிக்கை கூடக் கூட அட்டவணை மிகப் பெரிதாகிவிடும் என்பது இதன் குறை. 2013-இல் ஸ்டெஃபானோ டி கைரானோ, செங், பெர்னார்டினி, பெம்போராட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு ஸ்டீயரிங்கையும் பிரேக்கையும் ஒரே முன்கணிப்பின் கீழ்க் கொண்டுவந்தது. டயரின் வளைகோட்டை நேர்கோட்டுத் துண்டுகளாகப் பிரித்து, டயர் பிடிப்பில் உள்ளதா, வரம்பைத் தொட்டுவிட்டதா என்பதற்கேற்ப வெவ்வேறு கணக்குகளுக்கு மாறும் உத்தியை அவர்கள் கையாண்டனர். கார்களில் வழக்கமாகப் பொருத்தப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலேயே இது இயங்கக்கூடும் என்று காட்டியது அந்த ஆய்வின் சிறப்பு. வழுக்கும் தரையிலும் இது சோதிக்கப்பட்டது.

மூன்றாவது வழி, விடை காணும் நிரலையே விரைவாக்குவது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜேக்கப் மேட்டிங்லியும் ஸ்டீஃபன் பாய்டும் உருவாக்கிய சிவிஎக்ஸ்ஜென் என்ற மென்பொருள், ஒரு குறிப்பிட்ட வகை உகப்பாக்கக் கணக்குக்கு மட்டுமே பொருந்தும் மிக விரைவான நிரலைத் தானே எழுதித் தந்தது. பொதுவான கருவிகளோடு ஒப்பிட்டால், ஒரே பூட்டுக்கென்று செதுக்கிய சாவி போன்றது அது.

பாதுகாப்பு எல்லைக்குள் ஓட்டுநரின் உரிமை

வண்டி தானே கணித்துத் திரும்பினால் ஓட்டுநரின் இடம் எது? இக்கேள்விக்கு ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டியன் கெர்டஸ் நடத்திவந்த ஆய்வுக்கூடம் ஒரு விடை தந்தது. மின்வழி இயக்கப்படும் பயணிகள் வானூர்திகளில், விமானியின் கட்டளை பாதுகாப்பு எல்லையைத் தாண்டினால் மட்டும் கணினி தடுக்கும். 1988-இல் சேவைக்கு வந்த ஏர்பஸ் ஏ320 இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. அதே கருத்தைக் காருக்குக் கொண்டுவந்தனர். வண்டியின் சுழற்சி வேகத்தையும் பக்கச் சறுக்கையும் அச்சுகளாகக் கொண்டு ஒரு பரப்பை வரைந்தால், டயர்கள் தாங்கக்கூடிய நிலைகள் அதில் ஒரு வேலிக்குள் அடங்கும். வேலிக்குள் இருக்கும்வரை ஓட்டுநர் விருப்பம் அப்படியே நடக்கும். அடுத்து வரும் படிகளில் வண்டி வேலியைத் தாண்டும் என்று கணிப்பு சொன்னால் மட்டும், தேவையான குறைந்த அளவு திருத்தத்தைக் கருவி செய்யும்.

கிரெய்க் பீலும் கெர்டஸும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை பி1 என்ற சோதனை வண்டியில் செயல்படுத்தியது. மாணவர்கள் கட்டிய அந்த மின்வண்டியில் ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையே இயந்திர இணைப்பு கிடையாது. கட்டளை மின்குறிப்பாகவே செல்லும். பின்னர் ஸ்டீஃபன் எர்லியன், கெர்டஸ் முதலியோர் இரண்டாவது வேலி ஒன்றைச் சேர்த்தனர். முதல் வேலி வண்டி சறுக்காமல் காப்பது. இரண்டாவது வேலி சாலை ஓரத்திலும் தடைகளிலும் மோதாமல் காப்பது.

மோதலா, சறுக்கலா

இரண்டு வேலிகள் வந்ததும் ஒரு புதிய கேள்வி எழுந்தது. சாலையின் நடுவே திடீரென ஒரு தடை தோன்றுகிறது. அதிலிருந்து விலக வேண்டுமானால் டயர்களின் வரம்பை மீறித் திரும்ப வேண்டும். வரம்புக்குள்ளேயே இருந்தால் மோதல் உறுதி. இங்கே எதைக் காப்பது?

வழக்கமான நிலைத்தன்மைக் கருவிக்கு இக்கேள்வியே எழாது. அதற்கு முன்னால் உள்ள தடை தெரியாது. சறுக்கலைத் தடுப்பது ஒன்றே அதன் கடமை. ஜோசப் ஃபங்க், மேத்யூ பிரவுன், எர்லியன், கெர்டஸ் ஆகியோர் 2017-இல் வெளியிட்ட கட்டுரை, மோதலைத் தவிர்ப்பதற்கே முதலிடம் தந்தது. தேவைப்பட்டால் நிலைத்தன்மை வரம்பைச் சிறிது நேரம் மீறவும் அவர்களது கணக்கு இடம் கொடுத்தது. சறுக்கல் உருவாவது நொடியின் சிறு பகுதியில். தடையை அணுகுவது சில நொடிகளில். ஆகவே அருகிலுள்ள காலத்தைச் சிறு படிகளாகவும், தொலைவிலுள்ள காலத்தைப் பெரிய படிகளாகவும் பிரித்து இரண்டையும் ஒரே கணிப்பில் அடக்கினர். வளைவின் நடுவே திடீரென வைக்கப்பட்ட தடையிலிருந்து சோதனை வண்டி விலகிச் சென்றது.

வரம்பைத் தாண்டிய பிறகும் வண்டியை ஆள முடியுமா என்பதும் ஆராயப்பட்டது. 2024-இல் டொயோட்டா ஆய்வு நிறுவனமும் ஸ்டான்ஃபோர்டும், ஓட்டுநரின் கை படாமல் இரண்டு டொயோட்டா சுப்ரா கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்புறத்தை வீசியபடி சறுக்கிச் செல்வதைக் காட்டின. நேரியலற்ற முன்கணிப்புக் கட்டுப்பாடே அதற்கு அடிப்படை. காட்சிக்கு விளையாட்டு போலத் தோன்றினாலும், பனியிலோ மழையிலோ சறுக்கத் தொடங்கிவிட்ட வண்டியை மீட்பது எப்படி என்பதே அதன் பின்னுள்ள நோக்கம்.

இன்றைய நிலையும் எஞ்சியுள்ள சிக்கலும்

கார்த் தொழிலில் முன்கணிப்புக் கட்டுப்பாடு பெருமளவு உற்பத்திக்கு வந்த தொடக்க எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, 2018 அளவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் எஞ்சினின் முறுக்குவிசையைக் கட்டுப்படுத்த அதைப் பயன்படுத்தியதாகும். எஞ்சினில் கணிப்பு தவறினால் எரிபொருள் சிறிது வீணாகலாம். நிலைத்தன்மையில் கணிப்பு தவறினால் உயிர் போகலாம். ஆகவே இத்துறையில் ஏற்கெனவே நிரூபிக்கப்பட்ட ஈஎஸ்பியின் இடத்தைப் புதிய முறை எடுத்துக்கொள்ளும் முன், எல்லா நிலைகளிலும் உரிய நேரத்தில் உரிய விடை வரும் என்பது நிறுவப்பட வேண்டியிருக்கிறது.

கணினிகள் விரைவடைந்ததால் நேரச் சிக்கல் பெருமளவு தளர்ந்துள்ளது. அறிவுச் சிக்கல் அவ்வாறு தளரவில்லை. சாலையின் உராய்வுக் குணகத்தை நேரடியாக அளந்து சொல்லும் எளிய, மலிவான உணரி சாதாரணக் கார்களில் இல்லை. வண்டியின் பக்கச் சறுக்குக் கோணமும் அவ்வாறே. ஆய்வு வண்டிகளில் அதை அளக்கும் கருவிகள் விலை மிக்கவை. இவை இரண்டையும் மற்ற அளவீடுகளிலிருந்து ஊகித்தே அறிய வேண்டியுள்ளது. இதில் ஒரு முரண் உண்டு. டயர் நேர்விகிதப் பகுதியில் இருக்கும்போது, உலர்ந்த சாலையும் ஈரச் சாலையும் அளவீட்டில் ஏறத்தாழ ஒன்று போலவே தெரியும். வேறுபாடு துலங்குவது வரம்பை நெருங்கும்போதுதான். அதாவது, பிடிப்பு எவ்வளவு என்று உறுதியாகத் தெரியவரும் நேரமும், அந்தப் பிடிப்பு தீரும் நேரமும் அருகருகே உள்ளன.

இக்கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட 50 மீட்டர் வளைவின் கணக்கை இங்கே மீண்டும் நோக்கலாம். குணகம் 0.8 என்று நம்பி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் திட்டமிடும் கருவிக்கு, அவ்வளைவு முற்றிலும் பாதுகாப்பானது. உண்மையில் அங்கே குணகம் 0.2 ஆக இருந்தால், எவ்வளவு நுட்பமான உகப்பாக்கமும் வண்டியை வளைவுக்குள் நிறுத்த இயலாது. இதனால் இன்றைய ஆய்வுகள், குணகத்தை ஒற்றை எண்ணாகக் கொள்ளாமல் ஒரு வீச்சாகக் கொண்டு, அவ்வீச்சின் மோசமான முனைக்கும் பொருந்தும் திட்டத்தைத் தேடும் உறுதிமிகு முன்கணிப்பு முறைகளிலும், ஓடும்போதே மாதிரியைத் திருத்திக்கொள்ளும் கற்றல் முறைகளிலும் கவனம் செலுத்துகின்றன. முன்னே சென்ற வண்டி உணர்ந்த வழுக்கலைப் பின்னே வரும் வண்டிகளுக்குத் தெரிவிக்கும் தகவல் இணைப்பும் இதற்கு உதவும் வழிகளுள் ஒன்றாக ஆராயப்படுகிறது.